நடந்தா கால் மரத்துப்போகுது, உக்காந்தா சரியாகிடுது: வாசகர் கேள்வி, டாக்டரம்மா பதில்

போன மாசம் முதுகு வலி பத்தி எழுதுனதுல ஒரே ஒரு வரி முதுகுத்தண்டு குறுகல், அதாவது ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் பத்தி வந்துச்சு. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்ளோ கடுதாசி. அதனால இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: டாக்டரம்மா வணக்கம். எங்க அப்பாவுக்கு 68 வயசு. இளவயசுல ரங்கூன் ஜெட்டியில அரிசி மூட்டை தூக்குனவர், இப்ப சிரியத்துல சின்ன மளிகைக்கடை வச்சிருக்கோம். ரெண்டு வருஷமா பத்து நிமிஷம் நடந்தாலே ரெண்டு காலும் தொடையிலருந்து கீழ வரைக்கும் கனத்து மரத்துப்போகுதுங்கறார். வீட்லருந்து கோயிலுக்கு போற வழியில மூணு டீக்கடை, மூணுலயும் உக்காந்துடுறார். ஆனா சைக்கிள்ல ரெண்டு மைல் சாதாரணமா போய்ட்டு வர்றார். நடிக்கிறார்னு அம்மா திட்டுது. ஸ்கேன்ல முதுகுத்தண்டு குறுகியிருக்குன்னு வந்திருக்கு. உடனே மெட்ராஸ் கூட்டிட்டு போய் ஆபரேஷன் பண்ணுங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, கடைய வித்தாத்தான் அது முடியும். என்ன செய்றதுன்னு தெரியல.

பதில்: தம்பி, முதல்ல அம்மாகிட்ட போய் சொல்லுங்க, அப்பா நடிக்கல. நீங்க எழுதுன அந்த டீக்கடையும் சைக்கிளும்தான் இந்த நோயோட அச்சு அசல் அடையாளம், ஸ்கேன் பாக்குறதுக்கு முன்னாடியே அத வச்சு பாதி கண்டுபிடிச்சிடலாம்.

எப்படின்னு சொல்றேன். இடுப்புல அஞ்சு எலும்பு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு வளையம், அந்த வளையமெல்லாம் சேந்து ஒரு குழாய் மாதிரி, அதுக்குள்ள கால் நரம்பெல்லாம் ஒரு கத்தையா குதிரை வால் மாதிரி தொங்குது. முன்னுக்கும் பின்னுக்கும் அளந்தா அந்தக் குழாய் சாதாரணமா 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கும், 10க்கு கீழ போனா ரொம்ப குறுகல்னு சொல்றோம். நம்ம வீட்டுப் பக்கத்து சாக்கடைய நினைச்சுக்கோங்க, மழைக்காலத்துல ஒரே நாள்ல அடைச்சுக்கறதில்ல, ரெண்டு கரையிலருந்தும் மண்ணு கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சு வருஷக்கணக்குல குறுகுது. அதே மாதிரி முன்னாடியிலருந்து டிஸ்க், அதாவது ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை, தேஞ்சு பிதுங்குது, பக்கவாட்டுல இருக்குற சின்ன மூட்டு தேஞ்சு தடிச்சுப்போகுது, ஓரத்துல எலும்பு முள்ளு மாதிரி வளருது, பின்னாடி இருக்குற மஞ்சள் ஜவ்வு கெட்டியாகுது. நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுலதான் இது அதிகம். சிலருக்கு ஒரு எலும்பே இன்னொண்ணு மேல லேசா முன்னாடி வழுக்கிடும், அது அம்பது தாண்டின பொம்பளைங்களுக்கு ஜாஸ்தி. பிறவியிலயே குழாய் சின்னதா இருக்குறவங்களுக்கு நாப்பதுலயே ஆரம்பிச்சிடும். அப்பா மூட்டை தூக்குனதும் ஒரு காரணமா இருக்கலாம், ஒரு மூட்டை 50 கிலோன்னா நம்ம பர்மா கணக்குல சுமார் முப்பது வீசை, அத பலகை மேல நடந்து ஏத்துன உடம்பு. ஆனா மூட்டையே தூக்காத வாத்தியாருக்கும் இது வருது, அதனால எல்லாத்தையும் அது மேலயே போட முடியாது. வயசுதான் பெரிய காரணம்.

இப்ப டீக்கடைக்கு வருவோம். நிமிந்து நிக்கும்போது அந்த மஞ்சள் ஜவ்வு தளந்து உள்பக்கமா மடிஞ்சுக்கும், குழாய் இன்னும் குறுகும். முன்னாடி குனிஞ்சா ஜவ்வு இழுத்துப் புடிச்ச லுங்கி மாதிரி விறைச்சுக்கும், குழாய் விரியும், நரம்புக்கு மூச்சு வரும். நம்மூர் டீக்கடை ஸ்டூல் முழங்கால் உயரம் கூட இல்ல, அதுல உக்காந்தாலே தானா குனிஞ்சுதான் ஆகணும். ரெண்டு வாய் டீ உள்ள போறதுக்குள்ள அப்பாவுக்கு கால் தெளிஞ்சிடும், அது டீயோட மகிமை இல்ல. சைக்கிள்லயும் ஹேண்டில் பாரை பிடிச்சு குனிஞ்சுதான் ஓட்டுறார். ஷ்வேடகோன் பகோடா படி ஏறும்போது முன்னாடி சாஞ்சு ஏறிடுவார், இறங்கும்போதுதான் பின்னாடி சாஞ்சு கஷ்டப்படுவார், கேட்டுப் பாருங்க.

இத நான் புஸ்தகத்துலருந்து மட்டும் சொல்லல. என் அம்மா சந்தைக்கு போய்ட்டு வரும்போதெல்லாம் தெருவுல போற காய்கறிக்காரரோட தள்ளுவண்டி ஓரத்த பிடிச்சிட்டு ஏதோ விலை பேசுற மாதிரியே கூட நடந்து வருவாங்க. ஒண்ணும் வாங்க மாட்டாங்க. ரெண்டு வருஷம் நான் அவங்க முழங்காலுக்கு தைலமும் மாத்திரையும் குடுத்துட்டு இருந்தேன், டாக்டர் மகள் வீட்லயே இருந்தும். ஒரு நாள் வண்டிக்காரரே "ஆச்சி வண்டிய விட்டா நிக்க மாட்டேங்குறாங்க"ன்னு சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது. அதனாலதான் இத இவ்ளோ அழுத்தி எழுதுறேன். வயசாச்சு அப்படித்தான் இருக்கும்னு வீட்ல யாரும் தள்ளிவிடாதீங்க. டாக்டருங்களே இத ஒரு தனி நோயா புரிஞ்சுக்கிட்டது ஹாலந்து நாட்டு நரம்பு அறுவை டாக்டர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954ல எழுதுன கட்டுரைக்கு அப்புறம்தான், வீட்டாளுங்களுக்கு தெரியாததுல என்ன குத்தம்.

ஒரு விஷயம் மட்டும் பாத்துடணும். கால் ரத்தக்குழாய் அடைச்சாலும் நடந்தா கால் இழுக்கும், சுருட்டு சிகரெட் பழக்கம் இருக்குறவங்களுக்கும் சுகர்காரங்களுக்கும் அது அதிகம். அவங்களுக்கு சும்மா நின்னாலே போதும், வலி போயிடும், உக்கார வேண்டியதில்ல, சைக்கிள் மிதிச்சாலும் வலிக்கும். பாதத்துல நாடி துடிக்குதான்னு டாக்டர் தொட்டுப் பாக்கணும். அப்பா கதை அப்படி இல்ல, இருந்தாலும் ஒரு தடவை பாத்துக்கறது நல்லது.

ஆபரேஷனுக்கு வர்றேன். கடைய விக்காதீங்க, இப்ப விக்காதீங்க. இந்த நோய் பெரும்பாலான பேருக்கு திடீர்னு முத்திப்போற நோய் இல்ல, நிறைய பேர் வருஷக்கணக்குல அதே நிலைமையில இருக்காங்க, சிலருக்கு குறையவும் செய்யுது. 2015ல அமெரிக்காவுல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில 169 பேர ரெண்டா பிரிச்சு பாதி பேருக்கு ஆபரேஷன், பாதி பேருக்கு பிசியோதெரபின்னு பாத்தாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு கூட்டமும் நடமாட்டத்துல ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்துச்சு. பிசியோ கூட்டத்துல பாதிக்கு மேல அப்புறம் ஆபரேஷனுக்கு போயிட்டாங்கங்கறதையும் சேத்தே சொல்லணும், மறைச்சா அது நியாயமில்ல. ஆனாலும் மூணு மாசமாவது ஒழுங்கா பயிற்சி பண்ணிப் பாக்காம கத்திக்கு போகாதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

பயிற்சின்னா பெருசா ஒண்ணுமில்ல. பாய்ல மல்லாந்து படுத்து ஒரு முழங்கால நெஞ்சுகிட்ட இழுத்து இருபது எண்ணுங்க, அப்புறம் அடுத்த கால், அப்புறம் ரெண்டும் சேத்து. முழங்கால மடிச்சு படுத்து, அடிவயித்த உள்ள இழுத்து, இடுப்ப பாய்ல அழுத்துங்க, முதுகுக்கும் பாய்க்கும் நடுவுல கை நுழையாத அளவுக்கு. சைக்கிள் தினமும் அரைமணி, அத விடவே கூடாது. நடக்கணும்னா சைக்கிள தள்ளிக்கிட்டே நடக்கட்டும், ஹேண்டில் மேல சாஞ்சு. கால் கனக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உக்காந்துடணும், தாங்க முடியாம போனப்புறம் இல்ல. கடையில நின்னு வேலை பாக்கும்போது ஒரு கால மணைக்கட்டை மேல வச்சுக்கிட்டா இடுப்பு தளரும். தொப்பை இருந்தா குறைக்கணும், அது இடுப்ப முன்னாடி இழுத்து முதுக வளைக்குது.

மாத்திரைன்னா பாரசிட்டமால் போதும். டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் எல்லாம் இந்த வயசுல வயிறு, கிட்னி, பிரஷர் மூணையும் தொடும், டாக்டர் சொன்னா சில நாளைக்கு மட்டும்.

எப்ப ஓடணும்னா, ஒண்ணுக்கு திடீர்னு வராம அடைச்சுக்கிட்டா, இல்ல தெரியாமலே போனா, ஆசனவாய் தொடையிடுக்கு பக்கமெல்லாம் மரத்துப்போனா, பாதம் தூக்க முடியாம தொங்கினா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. நாளைக்கு காலையில பாப்போம்னு படுக்கக் கூடாது, அந்த நரம்பு மணிக்கணக்குல சாகும். அதே மாதிரி சாயங்கால காய்ச்சல், உடம்பு இளைக்கறது, ராத்திரி படுத்தாலும் விடாத முதுகு வலி இதெல்லாம் சேந்தா குறுகல்னு நினைச்சுட்டு இருக்காதீங்க, முதுகெலும்புல காசநோய் வரும், நம்ம நாட்டுல அது இன்னும் நிறைய இருக்கு.

கேள்வி: எனக்கு 45 வயசு, மண்டலேல பைக் ஓட்டித்தான் வேலைக்கு போறேன். ஒரு தடவை இடுப்பு பிடிச்சுக்கிச்சு, பத்து நாள்ல சரியாகிடுச்சு. அப்ப எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல நாலு அஞ்சு எலும்புக்கு நடுவுல குறுகல்னு எழுதியிருக்கு. ராத்திரி தூக்கம் வரல. கால் போயிடுமா?

பதில்: தம்பி, கால்ல ஒரு தொந்தரவும் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப அந்த பேப்பர மடிச்சு பீரோவுல வைங்க. 1990ல முதுகு வலியே வராத ஆளுங்கள பிடிச்சு எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாங்க, அதுல 60 வயசு தாண்டினவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு குறுகல் இருந்துச்சு, அவங்களுக்கே தெரியாது. வைத்தியம் ஆளுக்குத்தான், படத்துக்கு இல்ல. நடந்து பாருங்க, ஒரு மைல் தாராளமா நடக்க முடிஞ்சா கவலைய விட்டுட்டு இடுப்புக்கும் வயித்துக்கும் பயிற்சி பண்ணுங்க. பைக்ல குழி மேட்டுல விழுந்து எழுந்து போற வேகத்த மட்டும் குறைச்சுக்கோங்க.

கேள்வி: டாக்டரம்மா, மோல்மேன்லருந்து எழுதுறேன், 59 வயசு, சுகர் இருக்கு. எனக்கும் இந்த குறுகல்தான். பேரன முதுகு மேல ஏறி மிதிக்க சொல்வேன், கொஞ்ச நேரம் நல்லா இருக்கும். கடையில பொட்டலம் கட்டி குடுக்குற மாத்திரை ரெண்டு வேளை போட்டா அற்புதமா கேக்குது. தொடர்ந்து போடலாமா? ஊசி போட்டா நிரந்தரமா போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: அக்கா, அந்தப் பொட்டலத்த எத்தன நாளா போடுறீங்கன்னு ஞாபகப்படுத்திட்டு, இன்னிக்கே அப்படியே கையில எடுத்துட்டுப் போய் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. பேர் இல்லாம கலர் கலரா நாலஞ்சு மாத்திரை சேத்து கட்டுறதுல பல நேரம் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும். அதனாலதான் அவ்ளோ சீக்கிரம் கேக்குது, பசி எடுக்குது, மூஞ்சி உப்புது. சுகர் எகிறும், எலும்பு பொறபொறன்னு ஆகும், ஏற்கனவே இடமில்லாத குழாய்க்கு மேல எலும்பும் நொறுங்கினா என்ன பண்றது. மாசக்கணக்குல போட்டிருந்தா திடீர்னு நீங்களா நிறுத்தவும் கூடாது, அது இன்னும் ஆபத்து, மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க, அதனாலதான் டாக்டர பாக்க சொல்றேன்.

பேரன கீழ இறக்கிடுங்க. குப்புறப் படுத்து மேல மிதிச்சா முதுகு பின்பக்கமா வளையுது, அதுதான் உங்க நரம்புக்கு ஆகவே ஆகாத வளைவு, எலும்பு வேற உடைஞ்சிடலாம். எண்ணெய் தேச்சு லேசா உருவி விடட்டும், ஒருக்களிச்சு படுத்து, முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி வச்சுக்கிட்டு. அதுல சதைக்கு சுகம், அவ்ளோதான், குழாய் விரியாது.

முதுகுல போடுற ஊசி சிலருக்கு சில வாரம் நிம்மதி குடுக்கும். நிரந்தரம்ங்கறது இல்லவே இல்ல. 2014ல 400 பேருக்கு பாதிக்கு மரப்பு மருந்தோட ஸ்டீராய்டு, பாதிக்கு வெறும் மரப்பு மருந்துன்னு போட்டுப் பாத்ததுல ஆறு வாரத்துல பெரிய வித்தியாசமே தெரியல. உங்களுக்கு சுகர் வேற, ஊசிக்கு அப்புறம் சில நாள் ஏறும். நான்னா அவசரப்பட மாட்டேன்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 71. பெகுல இருக்கோம். ஆறு மாசம் பயிற்சி பண்ணியாச்சு, ரெண்டு ஊசி போட்டாச்சு, இப்ப அம்பது கெஜம் கூட நடக்க முடியல, நிமிரவே முடியாம குனிஞ்சே இருக்கார். ஒரு டாக்டர் எலும்ப கொஞ்சம் வெட்டி விட்டா போதும்ங்கறார், இன்னொருத்தர் கம்பி ஸ்க்ரூ எல்லாம் போடணும்ங்கறார், செலவு பல மடங்கு. எது சரி?

பதில்: அம்மா, நீங்க ஆபரேஷன் பண்ணலாம். பொறுக்க வேண்டிய அளவுக்கு பொறுத்தாச்சு, வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடக்குற வாழ்க்கை அவருக்கு வேண்டாம். இந்த மாதிரி நிலைமையில இருக்குறவங்களுக்கு முதல் சில வருஷத்துல ஆபரேஷன் பண்ணினவங்கதான் பண்ணாதவங்கள விட நல்லா இருக்காங்க. கால் வலியும் நடையும் நல்லா தேறும், முதுகு வலி அந்த அளவுக்கு போகாது, இத முன்னாடியே அவர்கிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா அப்புறம் ஏமாந்துட்டோம்னு நினைப்பார்.

எலும்பு வளையத்தோட பின்பக்கத்தையும் தடிச்ச ஜவ்வையும் எடுத்து நரம்புக்கு இடம் பண்றதுதான் முக்கியமான ஆபரேஷன். கம்பி ஸ்க்ரூ தேவைப்படுறது எலும்பு ஆடுற ஆளுக்கு, அதாவது குனிஞ்சும் நிமிந்தும் எக்ஸ்ரே எடுத்தா எலும்பு நல்லா நகருறது தெரியணும், இல்ல முதுகு கோணலா இருக்கணும். ஸ்வீடன்ல 247 பேர வச்சு பண்ணின ஆராய்ச்சி 2016ல வந்துச்சு, வெட்டி விட்டவங்களுக்கும் வெட்டினதோட கம்பியும் போட்டவங்களுக்கும் ரெண்டு வருஷத்துலயும் அஞ்சு வருஷத்துலயும் பலன்ல வித்தியாசம் இல்ல, எலும்பு லேசா வழுக்கினவங்களையும் சேத்துத்தான் சொல்றேன். அதனால ரெண்டாவது டாக்டர்கிட்ட மரியாதையா ஒரே கேள்வி கேளுங்க, "எங்க வீட்டுக்காரருக்கு எலும்பு ஆடுதா, அந்த எக்ஸ்ரேய காட்டுங்க." காட்டி விளக்கினா நம்பலாம்.

மெட்ராஸ் போகணும்னு இல்ல, ரங்கூன்லயே எலும்பு ஆஸ்பத்திரியும் நரம்பு அறுவை டாக்டர்களும் இருக்காங்க. எங்க பண்ணினாலும் நரம்பு உறை கிழியறது, சீழ் பிடிக்கிறது, சில வருஷம் கழிச்சு திரும்ப பண்ண வேண்டி வர்றது, இந்த மூணும் சிலருக்கு உண்டு. சுகர் இருந்தா முன்னாடியே கட்டுக்குள்ள கொண்டு வரணும், சுருட்டு பிடிச்சா ஒரு மாசத்துக்கு முன்னாடியாவது விட்டுடணும்.

கேள்வி: டாக்டரம்மா, தட்டோன்லருந்து எழுதுறேன், 62 வயசு. எனக்கு இடுப்பு வலி கொஞ்சம்தான். ஆனா ஆறு மாசமா லுங்கி கட்ட முடியல, முடிச்சு போட்டு செருகும்போது விரல் கேக்க மாட்டேங்குது, ரெண்டு தடவை ரோட்லயே அவுந்துடுச்சு. நடந்தா பஞ்சு மேல நடக்குற மாதிரி தள்ளாடுது. வலி ஒண்ணும் இல்லைங்கறதால யார்கிட்டயும் காட்டல. இதுவும் இடுப்பு குறுகல்தானா?

பதில்: ஐயா, உங்க கடுதாசிதான் எனக்கு பெரிய பயத்த குடுத்துச்சு. இது இடுப்பு இல்ல, கழுத்தா இருக்கலாம். இடுப்புல இருக்குறது தனித்தனி நரம்பு, கொஞ்சம் நசுங்கினாலும் தாங்கும். கழுத்துல போறது தண்டுவடமே, மூளையிலருந்து வர்ற முழு கயிறு. அங்க குறுகினா வலி இல்லாமயே விரல் தடுமாறும், சட்டை பட்டன் போட வராது, கையெழுத்து மாறும், கால் விறைச்சு தள்ளாடும். கழுத்து எலும்புக்குப் பின்னாடி இருக்குற ஜவ்வு எலும்பாவே மாறிப்போற நோய் ஒண்ணு இருக்கு, ஜப்பான் மாதிரி கிழக்காசிய நாடுகள்ல அது கொஞ்சம் அதிகம். பி12 சத்து குறைஞ்சாலும் இதே மாதிரி வரும், அதையும் ரத்தத்துல பாக்கணும்.

இங்க நான் மூணு மாசம் பயிற்சி பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். இந்த வாரமே ரங்கூன் வாங்க, நரம்பு டாக்டர பாருங்க, கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுங்க. தண்டுவடம் நசுங்கி கை கால் குறைஞ்சுக்கிட்டே போனா ஆபரேஷன் சீக்கிரம் பண்றதுதான் நல்லது, போன பலம் முழுசா திரும்புறது கஷ்டம், இருக்குறத காப்பாத்தத்தான் அது. கழுத்த சுளுக்கு எடுக்குறேன்னு யாராவது திருப்பி சொடக்கு எடுக்க வந்தா கைய வைக்கவே விடாதீங்க. முடி வெட்டுற கடையில கூட. பஸ்ல வரும்போது கழுத்துக்கு ஒரு துண்ட சுருட்டி வச்சுக்கோங்க, பாத்ரூம்ல வழுக்காம பாத்துக்கோங்க, இந்த நிலைமையில ஒரு சின்ன விழுகையே கை கால முழுசா இழுத்துடும். அதுவரைக்கும் லுங்கி மேல ஒரு பெல்ட் போட்டுக்கோங்க.

கேள்வி: எனக்கு 60 வயசு, இடுப்பு குறுகல் இருக்கு. மகனுக்கு உடம்பு முடியாம இருந்தப்ப பால்குடம் எடுக்குறதா முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். ஊர்வலம் ஒரு மைலுக்கு மேல போகும். தலையில குடம் வச்சு நடக்கலாமா அம்மா?

பதில்: தலையில வேண்டாம்மா. குடம் விழாம இருக்க நிமிந்து விறைப்பாத்தான் நடக்கணும், பாரமும் நேரா இடுப்புலதான் இறங்கும், பாதி தூரத்துல கால் மரத்துடும், கூட்டத்துல விழுந்தா பெரிய வம்பு. சின்ன சொம்புல பால் எடுத்து நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு போங்க. கோயில்ல பூசாரிகிட்ட முன்னாடியே சொல்லி கடைசி கால் மைல் மட்டும் ஊர்வலத்துல சேந்துக்கோங்க. ஒரு மடக்கு ஸ்டூல மகன் கையில குடுத்துடுங்க, கால் கனக்க ஆரம்பிச்சதும் ஓரமா போட்டு ரெண்டு நிமிஷம் முன்னாடி குனிஞ்சு உக்காந்துட்டு, மறுபடி எழுந்து நடங்க. காலையில வெறும் வயித்தோட போகாதீங்க, தண்ணி பாட்டிலும் மகன்கிட்டயே இருக்கட்டும்.